ஆஷ் ஓரிடத்தில் தங்கிய மூன்று ஆண்டுகள்

(தாம்பரத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போகிமானைப் பற்றிப் பேச ஒரு மாலையை ஒதுக்க வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். 1997 ஏப்ரல் 1 அன்று ஜப்பானின் டிவி டோக்கியோவில் தொடங்கிய தொடர் அது. பத்து வயது ஆஷும் அவனுடைய பிகாச்சுவும் 2023 மார்ச் வரை அதன் நாயகர்களாக இருந்தார்கள். இருபத்தாறு ஆண்டுகள் பிள்ளைகளின் மாலை நேரத்தைப் பிடித்து வைத்திருந்த கதையைப் பெரியவர்கள் ஒருமுறையாவது பொறுப்போடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதிலும் இன்றைய பேச்சு ஒரே ஒரு பருவத்தைப் பற்றியது. ‘சன் அண்ட் மூன்’ என்ற பெயரில் 2016 நவம்பர் 17 முதல் 2019 நவம்பர் 3 வரை ஜப்பானில் ஓடிய 146 எபிசோட்கள். பழைய ரசிகர்களில் பலர் முதல் படத்தைப் பார்த்ததுமே முகம் சுளித்து ஒதுக்கிய பருவம் இது. அந்தத் தொடரின் எல்லாப் பருவங்களிலும் பிள்ளைகளின் மனத்தை நின்று நிதானமாகக் கவனித்தது இதுதான் என்பது இந்த உரையின் வாதம்.

ஒதுக்கியதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய பருவத்தில் ஆஷ் வளர்ந்த பையனைப் போல வரையப்பட்டான். சண்டைகளில் வேகம் இருந்தது, முகத்தில் தீர்மானம் இருந்தது. இந்த முறை கோப்பை நிச்சயம் என்று உலகமே காத்திருந்தது. 2016 ஆகஸ்டில் கேலோஸ் லீக் இறுதிப் போட்டியில் அலைன் என்ற வீரனிடம் அவன் தோற்றான். அந்த ஆத்திரம் ஆறும் முன்பே புதிய பருவத்தின் ஓவியங்கள் வெளிவந்தன. உருண்டை முகம், மெல்லிய கோடுகள், ரப்பரைப் போல வளையும் கைகால்கள். போதாக்குறைக்கு ஆஷ் பள்ளிக்கூடத்தில் சேர்கிறானாம். ‘குட்டிப் பிள்ளைகளுக்கான கார்ட்டூனாக ஆக்கிவிட்டார்கள்’ என்ற தீர்ப்பு முதல் எபிசோட் வருவதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

அந்தத் தீர்ப்பு இங்கேயும் வந்து சேர்ந்தது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் போகிமானோடு இருந்த உறவு ஆரம்பத்திலிருந்தே விட்டுவிட்டு வந்த உறவு. 2003 மே மாதம் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தத் தொடரை இந்தியாவில் ஒளிபரப்பத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று சென்னைப் பெருநகரப் பகுதியில் ‘காஸ்’ முறை நடைமுறைக்கு வந்தது. கட்டணச் சேனல்களைப் பார்க்க இனி செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்பது அதன் சாரம். மற்ற பெருநகரங்களில் அது தள்ளிப்போடப்பட்டது. சென்னையில் மட்டும் நிலைத்தது. பாக்ஸ் வாங்காத வீடுகளில் இலவசச் சேனல்கள் மட்டும் தெரிந்தன. பிகாச்சு நாலு மாதம் வீட்டுக்கு வந்துவிட்டு ஒருநாள் திடீரென்று வராமல் போனதை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை ஒன்று இந்தப் புறநகரில் இருக்கிறது. கதை போனாலும் உருவங்கள் போகவில்லை. சிப்ஸ் பாக்கெட்டுக்குள் வந்த டாஸோ வட்டுகளும், நோட்டுப் புத்தக அட்டையும், ஸ்டிக்கரும் இருந்தன. கதை தெரியாமலே போகிமான்களின் பெயர்களை மனப்பாடமாகச் சொன்ன பிள்ளைகள் ஏராளம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பொம்மைக் குவியலைக் கிளறினால் இன்றும் ஒரு மஞ்சள் காது தட்டுப்படும்.

2007இல் சுட்டி டிவி வந்தபோது தமிழில் முழுநேரமும் பேசும் பிள்ளைகள் சேனல் கிடைத்தது. பிற்பாடு ஹங்காமாவில் போகிமான் வந்தது, பருவங்கள் முன்னும் பின்னுமாகக் கலந்து. 2016இல் ‘சன் அண்ட் மூன்’ பருவத்தின் ஓவியங்கள் இணையத்தில் வந்தபோது, 2003இல் டாஸோ சேர்த்தவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சின்ன வயதில் பாதியில் அறுந்த ஒன்றின் மேல் அவர்களுக்குப் பிரியம் மிச்சமிருந்தது; புதிதாக ஒன்றை ஏற்றுக்கொள்ள நேரம் மிச்சமில்லை. ஒரு படத்தைப் பார்த்தார்கள், ‘இது நம்ம ஆஷ் இல்ல’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

இங்கே கொஞ்சம் பின்னால் போய், இந்தக் கதை எங்கே முளைத்தது என்று பார்க்க வேண்டும். போகிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி 1965இல் பிறந்தவர். அவர் வளர்ந்தது டோக்கியோவின் மேற்கு ஓரத்திலுள்ள மச்சிதாவில். அது அப்போது வயலும் குளமும் மரமும் நிறைந்த புறநகர். பையன் பூச்சி பிடிப்பதே வேலையாக இருந்தான். பிறகு வீடுகள் வந்தன, தார்ச்சாலை வந்தது. மீன் பிடித்த குளம் இருந்த இடத்தில் வீடியோ கேம் நிலையம் வந்தது. அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பூச்சி தேடிப் போக இடமில்லையே என்ற எண்ணம்தான் 1996 பிப்ரவரி 27 அன்று முதல் போகிமான் விளையாட்டாக வெளிவந்தது.

தாம்பரத்துக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தீப்பெட்டிக்குள் பொன்வண்டை வைத்து, உள்ளே நாலு இலையைக் கிள்ளிப் போட்டு, காதருகே வைத்து அது சுரண்டும் சத்தத்தைக் கேட்டவர்கள் இந்த அவையிலேயே இருப்பார்கள். பள்ளிக்கு அதைக் கொண்டுபோய், பச்சையும் செம்பும் கலந்து மின்னும் முதுகைப் பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு மட்டும் திறந்து காட்டுவார்கள். போகிமானைப் பிடித்து அடைக்கும் பந்தும் அந்தத் தீப்பெட்டியும் ஒரே ஆசையிலிருந்து வந்தவை. இன்று கிறித்தவக் கல்லூரி வளாகத்துப் புதர்க்காடு, நன்மங்கலம் காப்புக்காடு, வண்டலூர், 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் என்று சில திட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. நடுவில் இருந்ததெல்லாம் மனையாகிவிட்டது. ஒரு புறநகரின் இழப்பிலிருந்து பிறந்த கதை இன்னொரு புறநகரில் வேர் பிடித்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்தக் கதைக்கு ஒரு குறை இருந்தது. ஆஷ் எங்கும் தங்கமாட்டான். ஓர் ஊருக்குப் போவான், அங்கே ஒரு வீரரை வெல்வான், பேட்ஜ் வாங்குவான், கையசைத்துவிட்டுக் கிளம்புவான். பருவம் முடிந்தால் கூட வந்த நண்பர்களும் பிரிந்துவிடுவார்கள். வளர்த்த போகிமான்களில் பெரும்பாலானவை பேராசிரியர் ஓக்கின் பண்ணைக்குப் போய்விடும். இருபது ஆண்டுகள் இப்படியே ஓடின. பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் பெருங்களத்தூரிலிருந்து மேடவாக்கத்துக்கும், அங்கிருந்து ஊரப்பாக்கத்துக்கும் சாமான் ஏற்றும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கையசைப்பு நன்றாகத் தெரியும். போன பள்ளியில் இருந்த சிநேகிதன் இப்போது எங்கே என்று அவர்களும் கேட்டிருப்பார்கள். தொடர் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கியதே இல்லை.

‘சன் அண்ட் மூன்’ நடக்கும் அலோலாவில் வாங்கிக்கொண்டது. அம்மாவுக்குப் பரிசாகக் கிடைத்த சுற்றுலாவில் ஆஷ் அங்கே வருகிறான். ஹவாயை முன்மாதிரியாக வைத்து அமைத்த தீவுக்கூட்டம் அது. வந்தவன் அங்குள்ள பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டுத் தங்கிவிடுகிறான். பேராசிரியர் குக்குயியின் வீட்டு மாடித் தட்டில் அவனுக்கு ஒரு படுக்கை. காலையில் எழுந்தால் அதே வகுப்பறை, அதே ஐந்து பேர். மீனவர் வீட்டுப் பெண் லானா. அப்பா நடத்தும் உணவகத்தில் சமைத்துப் பரிமாறும் மேலோ. பண்ணை வீட்டுப் பையன் கியாவே. விடிகாலையில் சாரிஸார்டின் மேல் ஏறிப் பால் விநியோகம் செய்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவான். கணினிப் பைத்தியம் சோஃபோகிளீஸ். போகிமான்களைப் பற்றி எல்லாம் படித்திருந்தும் ஒன்றையும் தொடப் பயப்படும் லில்லி. பிள்ளைகள் வீட்டு வேலையையும் படிப்பையும் சேர்த்துச் சுமப்பதை இவ்வளவு இயல்பாகக் காட்டிய பிள்ளைகள் தொடர்கள் மிகக் குறைவு. ஒரே ஊரில் இருப்பதால் தெருமுனைக் கடைக்காரம்மாவின் முகம்கூட நமக்குப் பழகிவிடுகிறது. திரும்பத் திரும்பப் பார்த்த முகங்களுக்கு ஏதாவது ஆனால்தானே வலிக்கும்.

வலித்த இடம் 21ஆம் எபிசோட். அதைப் புரிந்துகொள்ள 7ஆம் எபிசோடிலிருந்து தொடங்க வேண்டும். லிட்டன் என்பது நெருப்பு வகைப் பூனைக்குட்டி, யாருக்கும் அடங்காது. ஆஷின் சாப்பாட்டைத் திருடிக்கொண்டு ஓடுகிறது. அடிபட்ட அதை அவன் போகிமான் மருத்துவமனைக்குத் தூக்கிப் போகிறான். கழுத்தில் கட்டிய கூம்போடு அது தப்பி ஓடுகிறது. பின்தொடர்ந்து போனால் பாழடைந்த வீடு ஒன்று. உள்ளே ஸ்டவுட்லேண்ட் என்ற கிழட்டு நாய் படுத்திருக்கிறது. திருடிய சாப்பாடெல்லாம் அதற்குத்தான்.

21ஆம் எபிசோடில் அந்தக் கிழட்டு நாய் விழுந்துவிடுகிறது. மருத்துவமனையில் சேர்க்கிறார்கள்; முதுமைக்கு மருந்தில்லை. மரத்திலிருந்து ஓர் இலை உதிர்வதைக் காட்டுகிறார்கள். அடுத்த முறை ஆஷ் அந்த வீட்டுக்குப் போகும்போது ஸ்டவுட்லேண்ட் படுத்திருந்த இடம் காலியாக இருக்கிறது. மழை பெய்கிறது. லிட்டன் சாப்பிட மறுக்கிறது. செத்துப்போனது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பார்க்கும் எந்தப் பிள்ளைக்கும் சந்தேகம் வராது. ஆஷ் என்ன செய்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். இருபது ஆண்டுகளாகப் புதிய போகிமானைப் பார்த்ததும் பந்தைக் கையில் எடுத்தவன் அவன். இங்கே எடுக்கவில்லை. பக்கத்தில் இருக்கிறான். மழை விட்ட பிறகு மேகத்தில் பழைய முகம் ஒன்று தெரிகிறது, லிட்டன் நிமிர்ந்து பார்க்கிறது. அது தானாக முன்வந்த பிறகுதான் பந்து வெளியே வருகிறது. இருபது நிமிடச் சொச்சத்தில், சண்டைக்காட்சிகளுக்காகவே பேர்போன ஒரு தொடர் இதைச் செய்துகாட்டியது.

நம் வீடுகளில் சாவைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்கும் பழக்கம் உண்டு. ‘தாத்தா சாமிகிட்டப் போயிட்டார்’ என்று சொல்லிப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவோம். கொரோனா பரவிய 2020இலும் 2021இலும் அது இன்னும் கடுமையாயிற்று. ஆம்புலன்சில் ஏறிப்போன பாட்டியின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூட முடியாத பிள்ளைகள் இந்தப் பகுதியிலும் இருந்தார்கள். அவர்கள் கையில் செல்போன் மட்டும் இருந்தது. அந்தச் செல்போனில் பார்க்கக் கிடைத்தவற்றில் இந்த எபிசோடும் ஒன்று. இழந்தவர்கள் சாப்பிட மறுக்கலாம், பேச மறுக்கலாம், மழையில் நிற்கலாம், அதில் தப்பில்லை என்று ஒரு பூனைக்குட்டியை வைத்துச் சொன்ன கதையை ‘குட்டிப் பிள்ளைகள் கார்ட்டூன்’ என்று தள்ளிவிடுவது பெரிய அநியாயம்.

மேலோவின் கதையும் அந்த வழியில்தான் போகிறது. அவளுடைய அம்மா இறந்துபோனவர். சின்ன வயதில் அம்மாவிடம் கோபமாகப் பேசியதும், மன்னிப்புக் கேட்கும் முன்பே அவர் போய்விட்டதும் அவள் மனத்தில் அப்படியே கிடக்கின்றன. எப்போதும் சிரித்துக்கொண்டு பரிமாறும் பெண்ணுக்குள் இது இருக்கிறது என்பதைத் தொடர் நூறு எபிசோட்களுக்கு மேல் பொத்தி வைத்திருந்தது. தப்பு ஃபினி என்ற தீவுத் தெய்வத்தின் மூடுபனிக்குள் போனால் இறந்தவர்களைக் காணலாம் என்ற நம்பிக்கை வழியாக அவள் அம்மாவைச் சந்திக்கிறாள். சொல்ல வேண்டியதைச் சொல்கிறாள். ஊர் ஊராக நகரும் கதையில் இதற்கு இடம் கிடைத்திருக்காது. நூறு நாள் ஒருத்தியின் சமையலைச் சாப்பிட்ட பிறகுதான் அவளுடைய அம்மாவைப் பற்றி நமக்கு அக்கறை வருகிறது.

லில்லியின் பயத்தைக் கையாண்ட விதத்தை ஆசிரியர்கள் பார்க்க வேண்டும். வகுப்பில் யாரும் அவளைக் கேலி செய்வதில்லை, அவசரப்படுத்துவதும் இல்லை. முட்டையிலிருந்து பொரிந்த வெள்ளைக் குட்டி ஒன்றை மட்டும் முதலில் தொடுகிறாள். கொஞ்சம் தேறுகிறாள். பழைய அதிர்ச்சியை நினைவூட்டும் ஒன்று எதிரே வந்ததும் மறுபடி பின்வாங்குகிறாள். தேறிய அத்தனையும் போய்விடுகிறது. பிறகு மீண்டும் முதலிலிருந்து. பிள்ளைகள் தொடர்களில் பயம் ஒரே எபிசோடில் தீர்ந்துவிடும், இங்கே தீரவில்லை. பயந்த சுபாவமுள்ள பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு இந்தப் பின்வாங்கல் எவ்வளவு உண்மை என்று தெரியும்.

இன்னொன்றையும் போகிறபோக்கில் சொல்லிவிடலாம். அலோலாவின் ரட்டாட்டா எலிகள் பெருகியபோது அவற்றை அடக்க யங்கூஸ் என்ற கீரி போன்ற விலங்கை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். எலிகள் இரவில் நடமாடப் பழகிக்கொண்டன. ஹவாயில் 1883இல் கரும்புத் தோட்ட எலிகளுக்காகக் கீரிகளை இறக்கிப் பட்டபாடு அப்படியே இதில் இருக்கிறது. பள்ளிக்கரணையில் ஆகாயத்தாமரை படர்ந்து கிடப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு, வெளியிலிருந்து வந்த உயிர் ஒரு நீர்நிலையை என்ன செய்யும் என்பதை விளக்க இது நல்ல தொடக்கம்.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. வில்லன்களான ராக்கெட் கும்பலை பேவேர் கரடி தூக்கிக்கொண்டு ஓடும் நகைச்சுவை பத்தாவது தடவைக்குப் பிறகு அலுத்துப்போகிறது. பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு வேற்றுலக விலங்குகளைத் திருப்பி அனுப்பும் பகுதி கதையோடு ஒட்டவில்லை. கடைசியில் வரும் லீக் போட்டியில் யார் வேண்டுமானாலும் சேரலாம். 151 பேர் ஒரே களத்தில் இறங்கி, அதிலிருந்து 16 பேர் தேறுகிறார்கள். எட்டு பேட்ஜ் வாங்கி வந்தவர்கள் மோதும் போட்டியைப் பார்த்துப் பழகியவர்கள் இதைக் கோப்பை என்றே ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் 2019 செப்டம்பர் 15 அன்று, தொடர் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, ஆஷ் முதன்முதலாக ஒரு பிராந்திய லீக்கை வென்றபோதுகூட ‘சுலபமான லீக்’ என்று முணுமுணுத்தார்கள்.

ஆனால் அந்த லீக்கை யார் கட்டியது? அலோலாவில் அதற்கு முன் லீக்கே கிடையாது. குக்குயி தன் வாழ்நாள் கனவாக அதை உருவாக்குகிறார். அவர் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிய பையன், அவர் பாடம் நடத்திய வகுப்புத் தோழர்கள், அந்த ஊர்க் கடைக்காரர்கள், ஊரே அதில் இறங்குகிறது. தோற்றுவிடுவோம் என்று தெரிந்தாலே ஓடிவிடும் குஸ்மா, அரையிறுதியில் ஆஷிடம் ஓடாமல் நின்று தோற்கப் பழகுகிறான். இறுதிப் போட்டியில் எதிரே நிற்பவன் லில்லியின் அண்ணன் கிளாடியன். கடைசிச் சுற்றில் இருவரும் இறக்குவது லைகன்ராக் என்ற ஓநாய்ப் போகிமானைத்தான். முந்தைய பருவங்களில் எதிராளி யாரோ ஒருவன். இங்கே ஒவ்வொருவரும் மூன்று வருடமாகக் கூடவே இருந்தவர்கள்.

வென்ற பிறகும் கதை முடியவில்லை. குக்குயியோடு ஆறுக்கு ஆறு காட்சிப் போட்டி வருகிறது. அங்கே ஆஷின் டோராகேட், அதாவது மழையில் நின்ற அந்த லிட்டன் வளர்ந்த உருவம், குக்குயியின் இன்சினரோரோடு மோதி, அந்தப் போட்டியிலேயே தானும் இன்சினரோராக மாறுகிறது. 7ஆம் எபிசோடில் சாப்பாடு திருடிய குட்டி அது என்பதை மறக்காமல் பார்ப்பவருக்கு அந்தக் கணம் தருவதை எந்தப் பேட்ஜும் தராது. குக்குயியின் கடைசி வீரராகத் தீவின் காவல் தெய்வம் தப்பு கோக்கோவே களமிறங்க, பிகாச்சு அதை எதிர்கொள்கிறது. இரண்டு மூன்று எபிசோட்களில் முடித்திருக்க வேண்டிய ஒரு விழாப் போட்டிக்கு இவ்வளவு இடம் கொடுத்தது சரியான முடிவு. கோப்பையைவிட, வளர்த்தவரை எதிர்த்து நின்று அவர் முன் தான் வளர்ந்ததைக் காட்டுவதுதான் அங்கே நடந்தது.

2022 நவம்பரில் ஆஷ் அப்போதைய சாம்பியன் லியோனை வென்று உலகச் சாம்பியன் ஆனபோது நாளிதழ்கள் செய்தி போட்டன, அலோலாவின் வெற்றி அடிக்குறிப்பாகச் சுருங்கியது. சில மாதங்களில் ஆஷின் கதையே நிறைவுக்கு வந்தது. புதிய நாயகி லிகோவின் ‘ஹொரைசன்ஸ்’ 2024இல் ஹங்காமாவில் இந்தி, தமிழ், தெலுங்குக் குரல்களோடு வந்துவிட்டது. இன்றைக்குப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுப் பழையதைத் தேடிப் போகிறார்கள். தேடும்போது மூத்தவர்கள் சொல்லும் பட்டியலில் முதல் பருவம் இருக்கும், கேலோஸ் இருக்கும். அலோலாவைத் தாண்டிப் போ என்று சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

எங்கிருந்து தொடங்குவது என்று பிள்ளை கேட்டால் 7ஆம் எபிசோடைக் காட்டலாம். பிறகு 21. மற்றதை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். 21ஆம் எபிசோடுக்கு மட்டும் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்கோ அலுவலகக் கணினிக்கோ போய்விட வேண்டாம். முடிந்ததும் அந்த நாய் எங்கே போயிற்று என்று கேட்பார்கள், அடுத்த கேள்வி தாத்தாவைப் பற்றியதாக இருக்கும், அப்போது பதில் சொல்ல வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.